மண்டபத்தில் அரக்குச் சேலை ஆரஞ்சாகிறது: ஒயிட் பேலன்ஸ் எப்படி வைக்கிறீர்கள்?

கேள்வி – 12 ஜனவரி 2025

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணங்கள் இருக்கின்றன. போன முறை ஒரு மண்டபத்தில் எடுத்த படங்களில் மணப்பெண்ணின் அரக்குச் சேலை ஒரு படத்தில் ஆரஞ்சு, அடுத்ததில் தக்காளிச் சிவப்பு, இன்னொன்றில் பழுப்பு. கேமரா ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் இருந்தது. ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு சரி செய்துகொள்ளலாம், ஒயிட் பேலன்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். அப்படி விட்டுவிடலாமா?

12 ஜனவரி, இரவு

அண்ணன் சொல்வது பாதி சரி, தம்பி. சென்சாருக்கு ஒயிட் பேலன்ஸ் என்று ஒன்று தெரியாது. விழும் வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவாகப் பதிகிறது, அவ்வளவுதான். பச்சையை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பையும் நீலத்தையும் எத்தனை மடங்கு கூட்டினால் சாம்பல் நிறப் பொருள் சாம்பலாகத் தெரியும் என்ற கணக்குதான் ஒயிட் பேலன்ஸ். ஜேபெக்கில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்துத்தான் படத்தையே சேமிக்கிறது. ரா-வில் அது ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதுவரை அண்ணன் பக்கம்.

மாற்றலாம், சரி. எதைப் பார்த்து மாற்றுவீர்கள்? இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் கணினி முன் உட்காரும்போது மண்டபத்தில் பார்த்த அரக்கு மனதில் இருக்காது. மனதில் இருப்பது நமக்குப் பிடித்த ஓர் அரக்கு. மணப்பெண் வீட்டில் அந்தச் சேலை பீரோவில் இருக்கிறது, அவர்கள் ஆல்பத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்த வெளிச்சத்திலேயே எடுத்த சாம்பல் அட்டையின் (எந்த நிறப் பக்கமும் சாயாத சாம்பல் நிற அட்டை) படம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ரா என்பது திருத்தும் உரிமை மட்டும்தான். எதை நோக்கித் திருத்துவது என்பதை அது சொல்லாது.

ஆட்டோ ஏன் குதிக்கிறது என்றால், படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் வரும் என்ற நம்பிக்கையில்தான் அது தொடங்குகிறது. இப்போது வரும் கேமராக்கள் முகம், வானம், புல் என்று அடையாளம் கண்டு கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சேலை படச் சட்டம் முழுக்க நிறைந்தால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நீலப்பச்சைப் பக்கம் தள்ளும். நீங்கள் இரண்டடி பின்னால் போனதும் வேட்டியும் சுவரும் உள்ளே வரும், அது பழைய இடத்துக்குத் திரும்பும். வெளிச்சம் மாறவே இல்லை, நிறம் மாறிவிட்டது. நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தை நெருக்கமாக எடுத்தால் தோல் நீலம் பாய்ந்து சோர்ந்து தெரியும். வாழையிலையை மேலிருந்து எடுத்தால் சோறு ரோஸ் நிறம் காட்டும், பச்சையைக் குறைக்கப் போய் அதற்கு எதிரான மெஜென்டாவைக் கூட்டிவிடுவதால்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று: ஆட்டோவை விட்டு ஒரு கெல்வின் எண்ணில் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) நிறுத்துங்கள். எண் கொஞ்சம் தவறாக இருந்தாலும் எல்லாப் படமும் ஒரே அளவு தவறாக இருக்கும், ஒரு படத்தைத் திருத்தி மற்றதற்கெல்லாம் ஒட்டிவிடலாம். ஆட்டோவில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பக்கம் விலகும்.

13 ஜனவரி

சாம்பல் அட்டையை எப்படி எடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அட்டை மணப்பெண்ணின் முகம் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பலர் கேமராவுக்கு முன்னால் கையை நீட்டிப் பிடித்து எடுக்கிறார்கள். அது நீங்கள் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தைத்தான் அளக்கும். மணவறையில் மேலிருந்து ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் பூ அலங்காரத்துக்கு ஊதா விளக்கு என்று இருக்கும்போது ஆறடி தூரத்தில் எல்லாமே வேறு. தோழிப்பெண்ணிடம் கொடுத்து முகத்துக்கு அருகே கேமராவைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே விளக்கு இருந்து அட்டை பளபளத்தால் கொஞ்சம் சாய்க்கச் சொல்லுங்கள்.

வெறும் சாம்பலில் ஆட்டோஃபோகஸ் பிடிக்காது, ஷட்டர் விழாது. மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், கூர்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெளிச்ச அளவு நடுவில் இருக்கட்டும். மிகையாகி ஒரு நிறம் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அளவே பொய்யாகும். கேனனில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்று பதிவு செய்ய வேண்டும், அப்புறம் ஒயிட் பேலன்ஸ் பட்டியலிலும் கஸ்டமுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது படி பலருக்கு விட்டுப்போகிறது. நிக்கானில் பிஆர்இ என்பதை அழுத்திப் பிடித்தால் மினுக்கும், அப்போது அட்டையை எடுக்க வேண்டும்.

13 ஜனவரி, மாலை

"அட்டை எதற்கு, மாப்பிள்ளை வேட்டி வெள்ளைதானே?" என்று ஈப்போவிலிருந்து ஒருவர்.

வேட்டி வெள்ளை இல்லை, அண்ணே. சலவையில் சொட்டு நீலம் போடுகிறோம், மஞ்சளிப்பை மறைக்கத்தான் அது. போதாததற்குச் சோப்புத்தூளிலும் துணி ஆலையிலும் சேர்க்கும் ஒளிர்ப்பான்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகின்றன. வெயிலில் புற ஊதா நிறைய இருப்பதால் வேட்டி நீலம் பாய்ந்து ஜொலிக்கும். அதை நடுநிலை என்று கேமராவுக்குச் சொன்னால் அந்த நீலத்தை அடிக்க மஞ்சளைக் கூட்டும், முகமெல்லாம் மஞ்சளாகும். அதே வேட்டி எல்இடி விளக்கில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், ஏனென்றால் அங்கே புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. அச்சிடும் வெள்ளைத் தாளும் இதே வகைதான். வெயிலுக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று என்று மாறும் பொருளை அளவுகோலாக வைக்க முடியாது. ஒயிட் பேலன்ஸுக்கென்றே செய்த சாம்பல் அட்டையில் இந்த ஒளிர்ப்பான் இருக்காது.

16 ஜனவரி

பொங்கல் முடிந்தது. இனி கெல்வின் எண்களைப் பற்றி. எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள் பக்கம், கூடினால் நீலம் பக்கம்.

எண்ணெய் விளக்கின் சுடர் 1900 கெல்வின் பக்கம். பழைய குண்டு பல்பு 2700. படப்பிடிப்புக்கான ஹாலஜன் 3200. நடுப்பகல் வெயிலும் ஃபிளாஷும் 5500 பக்கம். மேகம் மூடிய வானம் 6500. திறந்த நிழல் 7000, 8000 என்று போகும், ஏனென்றால் அங்கே வெயில் விழவில்லை, நீல வானம்தான் விளக்கு.

இந்த எண்களைப் பிடித்துத் திருகும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2700-க்கும் 2900-க்கும் உள்ள 200 கெல்வின் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 5500-க்கும் 5700-க்கும் உள்ள அதே 200 அநேகமாகத் தெரியவே தெரியாது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் மைரெட் என்ற அளவில் பார்த்தால் முதலாவது சுமார் 25, இரண்டாவது சுமார் 6. ஆகவே மண்டபத்துக்குள் 50, 100 என்று சின்னச் சின்னதாக நகர்த்துங்கள். வெளியில் 500, 500-ஆகப் போகலாம்.

இன்னொன்று, கெல்வின் என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள ஒரே கோடு. டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் அந்தக் கோட்டிலிருந்து விலகிப் பச்சைப் பக்கம் சாயும். மாமாக் கடையில் (இங்குள்ள சாப்பாட்டுக் கடை) இரவு எடுத்த படங்களில் எல்லோரும் காய்ச்சல்காரர் போலத் தெரிவது அதனால்தான். அதற்கு டின்ட் என்ற இரண்டாவது திருகு இருக்கிறது, மெஜென்டா பக்கம் நகர்த்த வேண்டும். கெல்வினை மட்டும் திருகிக்கொண்டே இருந்தால் விடியும்வரை சரியாகாது. கஸ்டம் அளவு இரண்டையும் சேர்த்தே பிடித்துவிடும், அதற்காகவும் அட்டையைச் சொல்கிறேன்.

19 ஜனவரி

இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது, முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கலாம்.

கோலாலம்பூரில் ஒரு மண்டபம். அட்டையை முகத்தருகே பிடித்து முறையாக எடுத்தோம். சாம்பல் கச்சிதமாகச் சாம்பல், சுவர் வெள்ளை, வேட்டியும் ஒழுங்கு. ஆனால் குங்குமம் செங்கல் நிறத்தில் இருந்தது. சேலையில் அரக்கின் ஆழம் இல்லை, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த ஏதோ ஒன்று. முகங்களில் இரத்த ஓட்டம் இல்லாத மாதிரி. அதே சேலையுடன் பெண்ணை வாசல் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து எடுத்தபோது அரக்கு அரக்காகவே வந்தது. கேமராவில் கோளாறு இல்லை, அமைப்பிலும் இல்லை. விளக்கில் சிவப்பு இல்லை.

வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் ஒரு நீல எல்இடி, அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு, இருக்கும் சிவப்பும் ஆரஞ்சுக்குப் பக்கத்து வீட்டுச் சிவப்பு. அரக்குச் சாயம் எதைத் திருப்பி அனுப்ப வேண்டுமோ அதுவே அதன்மேல் விழவில்லை. சாம்பல் அட்டை எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்புவது. மொத்தக் கணக்கில் மூன்று நிறமும் சமமாகிவிட்டால் அதற்குத் திருப்தி. நடுவில் எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று அட்டைக்குத் தெரியாது. வெளிச்சத்தின் சாய்வை ஒயிட் பேலன்ஸ் நிமிர்த்தும். வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை அது எங்கிருந்தும் கொண்டுவராது.

விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. அந்த எண் மங்கலான எட்டு நிறங்களின் சராசரி. ஆர்9 என்று ஒன்பதாவதாக ஒரு கெட்டிச் சிவப்பு உண்டு, அது அந்தச் சராசரியில் சேராது. சிஆர்ஐ 80 உள்ள விளக்குக்கு ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். நம் கல்யாணத்தில் முக்கியமானது எல்லாம் அந்த ஒன்பதாவதில்தான் இருக்கிறது: குங்குமம், கூறைச் சேலை, மருதாணி, ரோஜா மாலை, மாநிறத் தோல். விளக்கு வாங்கும்போது ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் கொண்டுவந்த ஹாலஜன் விளக்கு முகத்தைச் சுட்டது உண்மைதான், ஆனால் அதன் வெளிச்சத்தில் எந்த நிறமும் விடுபடவில்லை. 3200-இல் வைத்தால் அரக்கு அரக்குதான்.

19 ஜனவரி, சற்றுப் பிறகு

ஆரஞ்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு, தம்பியின் படங்களில் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்புச் சேலையில் சிவப்புத்தான் முதலில் உச்சத்தைத் தொடும். தொட்டபின் அது ஏற முடியாது, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை கூடினால் ஆரஞ்சு. மடிப்பும் ஜரிகையோரமும் தட்டையாகிவிடும். சென்சாரிலேயே உச்சம் தொட்டுவிட்டால் ரா-வும் இதற்கு உதவாது, பதியாததை யாரும் மீட்க முடியாது. வெளிச்ச வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும்படி வையுங்கள், சிவப்பு வலது சுவரில் மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) வரை குறையுங்கள். வெள்ளையும் கறுப்புமான ஒற்றை வரைபடம் இதைக் காட்டாமல் மறைத்துவிடும்.

22 ஜனவரி

விளக்கு போடுபவரிடம் பேசுங்கள். மணவறையைச் சுற்றி ஊதாவும் நீலமுமாக எல்இடி வைப்பது இப்போது எல்லா இடத்திலும் பழக்கமாகிவிட்டது. அவை பின் திரைமேல் விழுந்தால் அழகு, முகத்தில் விழுந்தால் எந்தக் கணக்கும் எடுபடாது. "தாலி கட்டும் நேரத்துக்கு முன்பக்கத்து ஊதாவை மட்டும் அணைத்து வைக்க முடியுமா அண்ணே?" என்று மண்டபத்துக்கு வந்ததுமே கேட்பேன். அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் தங்கள் அலங்காரம் படத்தில் நன்றாக வர வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கடைசி நேரத்தில் கெட்டிமேளத்துக்கு நடுவே கேட்டால் நடக்காது.

26 ஜனவரி

ஃபிளாஷ் அடித்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று கேட்டவருக்கு: பாதித் தொல்லைதான் போகும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய இருக்கிறது, சேலை நன்றாக வரும். ஆனால் அது 5500, மண்டபம் 2900. பெண் சரியாகவும் பின்னால் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் ஆரஞ்சாகவும் வருவார்கள். ஃபிளாஷ் முகப்பில் சிடிஓ என்ற ஆரஞ்சு ஜெல்லை (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டினால் ஃபிளாஷும் 3000 பக்கம் வந்துவிடும், கேமராவையும் அங்கே வையுங்கள். ஃபிளாஷ் பலம் கொஞ்சம் குறையும், ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம். நான் பாதி அளவு ஜெல்தான் போடுகிறேன். பின்னணி கொஞ்சம் மஞ்சளாக இருப்பது மண்டபத்துக்குப் பொருந்துகிறது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடக்கும் விசேஷங்களுக்கு இது இன்னும் முக்கியம். மஞ்சள், சிவப்புக் கூடாரத் துணி வழியாக வெயில் வடிந்து வரும்போது ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒவ்வொரு நிறம். அங்கே அட்டை ஓரிடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஃபிளாஷை முதன்மை வெளிச்சமாக்குங்கள், அல்லது ஆட்களைக் கூடாரத்தின் ஓரத்துக்கு, வானம் தெரியும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

2 பிப்ரவரி

ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் சேலை விற்கும் ஓர் அக்கா, ஃபோனில் படம் எடுத்துப் போடுகிறார். கத்தரிப்பூ நிறம் நீலமாக வருகிறது, வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அக்கா, அது ஒயிட் பேலன்ஸுக்கு அடங்காத நிறம். கேமராவின் சிவப்பு, நீல வடிகட்டிகள் நம் கண் பிரிப்பதைப் போலவே பிரிப்பதில்லை. சாம்பலில் இரண்டும் ஒத்துப்போகும், கத்தரிப்பூவில் விலகும். நல்ல கேமராவில் எடுத்து ரா-வில் திருத்துபவர்கள் இதற்கு 24 கட்டங்கள் உள்ள கலர்செக்கர் அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். 1976-இல் மெக்பெத் நிறுவனம் கொண்டுவந்தது, இப்போது கேலிபிரைட் என்ற பெயரில் கிடைக்கிறது. மென்பொருள் 24 நிறத்தையும் அளந்து அந்தக் கேமராவுக்கு, அந்த வெளிச்சத்துக்கு ஒரு புரொஃபைல், அதாவது நிறத் திருத்தக் கணக்கு, செய்துகொடுக்கும். ஃபோனில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடை டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வெயில் நேராக விழாத வாசல் பக்கத்தில், சுற்றிலும் நிறச் சுவர் இல்லாத இடத்தில் எடுங்கள். ப்ரோ மோடு இருந்தால் கெல்வினை ஓர் எண்ணில் நிறுத்துங்கள். பிறகு சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊதாவை மட்டும் சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள்.

மயில்கழுத்து நிறத்துக்கு ஒரே படம் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்பு திரும்பும் பக்கமெல்லாம் மாறும். இரண்டு கோணத்தில் போடுங்கள். வாங்குபவர்களிடம் ஃபோனின் இரவு மோடை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அந்த மோடு திரையையே மஞ்சளாக்கிவிடும், அதில் பச்சையும் நீலமும் நம்பத் தகுந்தவை அல்ல.

12 பிப்ரவரி

தைப்பூசம் முடிந்து கால் வலியோடு எழுதுகிறேன்.

ஜாலான் துன் எச். எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி ரதத்தை எடுத்தவர்கள் பலர் படம் போட்டிருக்கிறார்கள். நிறைய படங்களில் வெள்ளி, பிளாஸ்டிக் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளிக்குச் சொந்த நிறம் குறைவு. தெருவிளக்கும் தீபமும் ரதத்தின் எல்இடியும்தான் அதன்மேல் தெரிய வேண்டும். அதையெல்லாம் துடைத்தெடுத்து வெள்ளையாக்கினால் அந்த இரவு போய்விடுகிறது.

பத்துமலை முருகனுக்கும் இதேதான். 42.7 மீட்டர் உயரச் சிலை, 2006-இல் திறந்தது, உடல் முழுக்கப் பொன் பூச்சு. ஆட்டோவுக்கு இவ்வளவு மஞ்சள் பிடிக்காது, வெளிறிப்போன பித்தளையாக்கும். 2018-இல் 272 படிகளுக்கும் வானவில் நிறம் அடித்தபின் ஆட்டோ இன்னும் தடுமாறுகிறது, படிகள் சட்டத்துக்குள் எவ்வளவு வருகின்றன என்பதைப் பொறுத்து பொன் மாறுகிறது. பகலில் 5500-இல் நிறுத்திவிடுங்கள். காலை வெயிலில் பொன் சிவந்து தெரிந்தால் அப்படியே இருக்கட்டும், காலையில் அது அப்படித்தான் இருக்கிறது.

சேலைக்கு அட்டையை வலியுறுத்திவிட்டு இங்கே விடச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இரண்டும் வேறு வேலை. சேலைக்காரருக்குத் துணியின் நிறம் வேண்டும். தீபாராதனையில் தீபத்தின் நிறம் முகத்தில் இருக்க வேண்டும். 1900-க்கு முழுதாகத் திருத்தினால் பக்கத்து டியூப் லைட் நீலமாகக் கொதிக்கும், முகமோ ஆஸ்பத்திரி முகம் ஆகும். நான் 3200 பக்கம் வைக்கிறேன். சுடர் மஞ்சளாகவே நிற்கும், தோல் எல்லை தாண்டாது. ஆட்டோதான் வேண்டும் என்றால் கேனனில் ஆம்பியன்ஸ் பிரையாரிட்டி, ஒயிட் பிரையாரிட்டி என்று இரண்டு ஆட்டோ உண்டு, நிக்கானில் மூன்று. கோயிலுக்குச் சூழலைக் காப்பாற்றும் வகையை எடுங்கள்.

தண்ணீர்மலையில் காவடி எடுத்தவர்களைப் பகலில் படம் எடுத்த பினாங்கு நண்பர், மரநிழலில் எல்லோரும் பச்சை என்கிறார். இலை வழியாக வடியும் வெளிச்சம் பச்சைதான். டின்டைக் கொஞ்சம் மெஜென்டா பக்கம், விபூதி சாம்பலாகத் தெரியும்வரை. உடம்பில் பூசிய விபூதியைச் சோப்புத்தூளும் சொட்டு நீலமும் தொடவில்லை. அட்டை எடுத்துப்போக முடியாத கூட்டத்தில் வேட்டியைவிட அது பத்திரம்.

16 பிப்ரவரி

வரிசையாக எடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, கெல்வினையும் நிறுத்தித்தான் வைத்தேன் என்கிறார் முதலில் கேட்ட தம்பி. ஷட்டர் 1/500 வைத்திருந்தாராம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. இறங்கும்போது வெளிச்சம் மட்டுமல்ல, குழாய்க்குள் உள்ள பூச்சுகள் அணையும் வேகம் வேறுபடுவதால் நிறமும் மாறுகிறது. 1/500 அந்தச் சுற்றில் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், முழுச் சுற்று உள்ளே வந்துவிடும். அமெரிக்க வீடியோக்களில் 1/60 என்பார்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், நமக்கு அது ஒத்துவராது. வேகம் குறைக்க முடியாத இடத்தில், கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் (விளக்கின் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்.

23 பிப்ரவரி

எந்த அட்டை வாங்குவது என்ற கேள்விக்கு: இரண்டு பக்கமும் பளபளப்பு இல்லாத, சட்டைப் பைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சாம்பல் அட்டை போதும். காகித அட்டை நம் ஊர் ஈரத்தில் நெளிந்து புள்ளி விழும். கல்யாண வீட்டில் எல்லோர் விரலிலும் குங்குமமும் சந்தனமும் இருக்கும், ஓரத்தைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அழுக்கானால் ஈரத்துணியால் துடையுங்கள், சாயம் போன அட்டையை வைத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள்.